கேட்டில் மாட்ட ஒரு போட்டோ

முதலாளியோடு மல்லுக்கட்டத் தயாராகத்தான் புது விதிமுறைகளோடு அவர் அறைக்குள் நுழைந்தாள் மேனேஜர். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு பார்த்திருந்தாள். அவரோ ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

"பொண்ணுங்ககிட்ட வாலாட்டினா, சூப்பர்வைசரா இருந்தாலும் விசாரணை. சரிதான். 'முதலாளியா இருந்தாலும்'னு சேர்த்துக்குங்கம்மா."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அடுத்தது சார், வீட்டுல அடி வாங்குறவங்களுக்குச் சம்பளத்தோட பத்து நாள் லீவு. அடிச்ச ஆள் தேடி வந்தா கேட்டைத் திறக்கக் கூடாது."

"நம்ம வாட்ச்மேன் இளகின மனசுக்காரராச்சே! 'திருந்திட்டேன்'னு மூக்கைச் சிந்தினா விட்டுடுவாரு."

"அதுக்குத்தான் அந்த ஆளோட போட்டோவை கேட் ரூம்ல மாட்டப்போறோம். திங்கக்கிழமை பேக்கிங்ல நீங்க சேர்த்துவிட்ட பொண்ணுக்குத்தான் முதல்ல தேவைப்படுது. நெத்தியில அவ்வளவு பெரிய காயம்! புருஷன் போட்டோ கேட்டா, கட்டின துணியோட வந்துட்டேங்கிறா."

முதலாளி மேஜை மேலிருந்த பட்டமளிப்பு விழாப் படத்தைச் சட்டத்திலிருந்து உருவி நீட்டினார்.

"இதை மாட்டுங்க."

"சார், இது உங்க பையன்..."

"அவனேதான். 'அப்பாவைப் பார்க்கணும்'னு வருவான். என்கிட்ட கேட்கவே வேணாம், திருப்பி அனுப்பிடணும்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிடுங்க."

காலிச் சட்டத்தை இழுப்பறைக்குள் போட்டபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

மேனேஜர் திரும்பிப் பார்த்தாள். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெட்டிகளுக்கு நடுவே, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் முதலாளியின் மருமகள்.