சாயம் பூசிய மரங்கள்

“மாமா, இந்த இலைய எங்க ஆடு தின்னலாமா?” என்று பக்கத்து வீட்டுச் சிறுமி பூவழகி ஒருநாள் கேட்டாள். காய்ந்த இலையோடு நின்ற பட்ட மரங்களுக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருந்த சூசை சிரித்தான். “தின்னட்டும்டீ, பச்சையாப் பால் கறக்கும்!”

வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஓர் ஊர் எவ்வளவு பச்சையாகத் தெரிகிறதோ, அவ்வளவுதான் அதற்கு அரசாங்கம் அனுப்பும் தண்ணீர். மழை பொய்த்து, கண்மாயையும் மனை போட்டு விற்றுத் தின்ற பிறகு, சூசையின் ஊருக்குச் சாயம்தான் கதி.

நான்காம் நாள் ஆடு பச்சை நுரை தள்ளிச் செத்தது. பூவழகியின் தம்பிப் பாப்பா அதன் பாலைத்தான் குடித்து வந்தான். இப்போது பசியில் அவன் அழுவது சுவர் தாண்டிக் கேட்டது.

“நீங்க தின்னச் சொன்னத அம்மாகிட்டச் சொல்லல மாமா” என்று பூவழகி சூசையின் காதில் கிசுகிசுத்தாள். “ஒங்கள வையும்ல?”

அன்று மாலை சாய வேலையை மேற்பார்க்கும் கண்காணி லட்டு நீட்டினார். “சூசை, மாவட்டத்துலயே நம்ம ஊருதான்டா பச்சை! தின்னு!”

நகக்கண்ணில் ஏறியிருந்த சாயத்தைப் பார்த்தான் சூசை. லட்டைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது. தன் சைக்கிளைக் கொடுத்துச் சந்தையில் வாங்கிய கறவை ஆட்டைச் சூசை ஓட்டிவந்து, பூவழகி வீட்டு முளைக்குச்சியில் கட்டினான். உலர்ந்த கடலைக்கொடியை அதன்முன் போட்டான். பிறகு ஆட்டின் வாய்க்கு எட்டும் சாயக் கிளைகளை ஒன்றுவிடாமல் ஒடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தான்.