மூன்றாவது கியர்

கார் உறுமியது. நகரத்தான் மனமில்லை.

அதை விலைக்கு வாங்க வந்திருந்த, மாமியாரின் தம்பி ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சத்தம் தெருவையே கூட்டியது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து இரண்டாவது கியர்வரை போனது. அங்கே பிடி நழுவியதுபோல் இஞ்சின் வெறுமனே அலறியது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து இடித்தமாதிரி ஒரு குலுக்கலோடு மூன்றாவதில் போய் விழுந்தது.

பின் இருக்கையில் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் மாமனார் கையைப் பிசைந்தார். "தண்ணி மாதிரி ஓடின வண்டி மச்சான்."

"கியர் வழுக்குதே அத்தான்," என்றார் தம்பி. குரலில் மரியாதை இருந்தது. நம்பிக்கை இல்லை.

மாமனாருக்கு முகம் செத்துவிட்டது. ஒரு குறையும் கிடையாது என்று போனில் அத்தனை அடித்துச் சொல்லியிருந்தார்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுவதுதான் மருமகளின் தொழில். ஊரில் உள்ள வண்டியெல்லாம் அவள் கைக்கு வரும், இந்த ஒன்றைத் தவிர. இதை மாமனார் யாரையும் தொட விட்டதில்லை. பார்வை மங்கி, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விற்கவே சம்மதித்தார்.

வாசலில் வண்டி நின்றதும் தம்பி அவள் பக்கம் திரும்பினார். "நீயே பாத்துச் சொல்லும்மா. நல்லா இருக்குன்னு நீ சொன்னா இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"பழைய இரும்புடா அது. உனக்கு எதுக்கு?" என்றாள் மாமியார், காபி டம்ளர்களோடு.

ஆண்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

மருமகள் பானெட்டைத் திறந்தாள். இஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸின் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தாள். நல்ல சிவப்பு. அளவும் சரி. மூக்கருகே கொண்டுபோனாள். கருகிய வாடை கொஞ்சமும் இல்லை.

உள்ளே கிளட்ச் தேய்ந்திருந்தால் ஆயில் இப்படிப் புதுப்பெண் மாதிரி இருக்காது. கியர்பெட்டி பிழைத்தது. அப்படியானால் ஆயில் அழுத்தம்தான் போதவில்லை.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை விரலால் தொட்டுப் பார்த்தாள். துணி காயப்போடும் கொடிபோல் தொங்கியது. எவ்வளவு மிதித்தாலும் கியர்பாக்ஸுக்குச் சேதி போய்ச் சேராது. அது பாவம், வண்டி சும்மா உருளுகிறது என்று நினைத்துக்கொண்டு பிடியை இறுக்காமல் இருந்திருக்கிறது.

கேபிள் தானாகத் தளர்ந்ததா?

அதை இறுக்கும் நட்டின் விளிம்பில் பளபளவென்று புதுக் கீறல். அளவு சேராத ஸ்பேனரைப் போட்டு யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

மாமனார்தான் என்று நினைத்தாள். விற்க மனசு வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"அதை அப்படியே விட்டுடேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமியார் நின்றிருந்தாள். கையில் காலித் தட்டு.

"அத்தை, நீங்களா? இந்த நட்டுதான்னு எப்படித் தெரியும்?"

"தினம் சாப்பாட்டுல உக்காந்து நீ வேற எதப் பத்திடி பேசுற?" மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "பெட்டி போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவன் போயிடுவான்."

புருஷனின் மனசு தெரிந்த மனுஷி, அவருக்காகச் செய்திருக்கிறாள் என்று மருமகளுக்குத் தோன்றியது. ஆனாலும் நல்ல கியர்பாக்ஸைப் போச்சு என்று அவள் நாக்கு இதுவரை சொன்னதில்லை.

"பொய் சொல்லிட்டா மாமா மானம் போயிடும் அத்தை. இப்படியே நாலு தடவை ஓட்டினா நிஜமாவே பெட்டி கருகிடும்."

மருமகள் கேபிளை இழுத்து, நட்டை முறுக்கி, ஆக்ஸிலரேட்டரை அசைத்து அசைத்துச் சரிபார்க்கிறவரை மாமியார் பக்கத்திலேயே நின்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு மருமகள் உள்ளே போனாள். "பெட்டி நல்லா இருக்கு. ஒரு கேபிள் தளந்திருந்துச்சு, முடுக்கிட்டேன்."

மாமனாருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே முகம் வாடியும் போனது. கார் கைவிட்டுப் போகப்போகிறது.

"அப்ப ஒரு ரவுண்டு பாத்துடலாம்," என்று தம்பி எழுந்தார்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள்.

கார் அங்கே இல்லை.

தெருக்கோடியில் அது போய்க்கொண்டிருந்தது. ஓசையில்லாமல் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மாறியதே தெரியவில்லை. முனையில் சிக்னல் போட்டு நின்று, ஒரு லாரிக்கு வழிவிட்டு, அழகாக வளைந்து திரும்பியது.

மாமனார் கண்ணைச் சுருக்கினார். "யாரும்மா ஓட்டுறது? கை நல்லா பழகின கையா இருக்கே."

நாலு மாதமாகத் தையல் வகுப்பு என்று சொல்லிப் போய்வருகிற அத்தை ஒரு தலையணை உறைகூட வீட்டுக்குக் கொண்டுவராதது ஏன் என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

கார் வாசலில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏறு தம்பி," என்றாள் மாமியார், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "உன்ன பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடறேன்."