ஒப்பீட்டு ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ, தொற்றில்லாத ஒப்பீட்டு ரத்தத்தையும் அவரே கொடுக்க வேண்டும்.

என் மனைவி ஆராய்ந்த கிருமி அவளையே கொன்றது. வேறு எவருக்கும் அது தொற்றவில்லை. அவள் எழுதிய கட்டுரையில் அவள் பெயரை அடித்துவிட்டு, பேராசிரியர் தன் மருமகன் பெயரைப் போட்டார்.

“வேலை அவளோடது சார்.”

“லேப் யாரோடதுப்பா? செத்தவங்களுக்கு எதுக்கு ப்ரமோஷன்?”

மருமகன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் ரத்தம் எடுத்தேன். ரத்தத்தை ஊற்றிக் கழுவி, மருந்து விட்டதும், அந்தக் கிருமி தொற்றியவருடையது என்றால் சோதனைத் தட்டின் குழி மஞ்சளாகும்; இல்லையென்றால் நிறமற்றே இருக்கும். அவருடையது மஞ்சளானது.

“பொண்டாட்டி ரத்தத்த மாத்தி ஊத்திட்டியாடா?” பேராசிரியர் என் சட்டையைப் பிடித்தார்.

மறுபடி அவரே எடுத்தார், அவரே ஊற்றினார். மஞ்சள்தான். பிறகு தன் கையிலும் குத்திக்கொண்டார். அதுவும் மஞ்சள். இருவருக்கும் காய்ச்சல்கூட இல்லை.

மருமகன் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “மாமா, அந்தப் பொண்ணு பேரையே போட்டுத் தொலைங்க.”

பேராசிரியர் போட்டார்.

அவர்கள் போனபின் என் ரத்தத்தை எடுத்தேன். அவளுடைய கடைசி மூச்சு என் கன்னத்தில்தான் பட்டது. குழி நிறம் மாறவில்லை. மற்ற கையில் குத்தி மீண்டும் ஊற்றினேன். அதுவும் தண்ணீர் மாதிரியே இருந்தது.