நைந்த வேட்டி

மாடிப்படிக்கு அடியில் வந்து படுத்த தெருப்பூனைக்கு நிறைசினை; வயிறு தரையைத் தொட்டது. அதற்கு விரிக்கப் பழந்துணி தேடித்தான் தணிகாசலம் மகளின் அலமாரியைத் திறந்தார். மஞ்சரி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனபின் அதை அவர் தொட்டதில்லை. அவள் பெயரைக்கூட வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அவளுக்கு இது பிரசவ மாதம் என்று உறவினர் ஒருவர் சொன்னபோதும் பேச்சை மாற்றிவிட்டார்.

உள்ளே அவருடைய பழைய வேட்டிகள் இருந்தன. மனைவி கோமளவல்லி தூக்கிப் போட்டிருப்பாள் என்று அவர் நினைத்தவை. அவளோ அவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயில் வாசனையோடு மடித்து அடுக்கியிருந்தாள். பச்சைக் குழந்தையைச் சுற்றி எடுக்க அப்படித்தான் வைப்பார்கள். மஞ்சரி பிறந்தபோதும் அப்படித்தான்.

“இதெல்லாம் எதுக்கு?”

“பூனைக்குத்தாங்க.” அறை வாசலில் நின்றவள் நிமிரவில்லை.

“பூனை நேத்துத்தானே வந்துச்சு?”

கீழே பூனை மெல்ல முனகியது.

அவர் ஒரு துணியையும் எடுக்காமல் அலமாரியைச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டைப் பூனைக்கு விரித்தார். அது முகர்ந்து பார்த்து, இருமுறை சுற்றி வந்து படுத்துக்கொண்டது. பிறகு குளித்து வேட்டி மாற்றி வந்தவர், அவிழ்த்த வேட்டியைக் கோமளவல்லியின் மடியில் வைத்தார்.

“இதுவும் நல்லா நைஞ்சிருக்கு. துவைச்சு அதோட சேர்த்து வை.”