சனிக்கிழமைப் பேச்சு

“ஆரம்பிச்சிரலாமாம்மா?” என்று கேட்டார் சிறீகாந்தன். நாற்பது நாற்காலிகள் கிடந்த மண்டபத்தில் புஷ்பவள்ளி மட்டும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தலையசைத்தாள். திரையில், சேற்றில் தத்தித் திரியும் மீனின் படம் வந்தது. அந்த மீனைப் பற்றி அவர் பேசுவது இது மூன்றாவது முறை.

ஸ்கூடாய்க்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பக்காவ் என்கிற அலையாத்தி மரக்காட்டை ஒட்டி இருந்தது அந்த இயற்கைக் கல்வி நிலையம். அதற்குக் கைகொடுக்க ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நண்பர்கள் குழு நடத்தினார்கள். கன்று நடுவது, கரையில் ஒதுங்கும் குப்பையைப் பொறுக்குவது, சனிக்கிழமை காலையில் பேச்சு வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிறீகாந்தன்தான் பேச்சாளர்.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் உழைத்து ஓய்ந்தவள் புஷ்பவள்ளி. போன வருடம் கோயில் பெண்களோடு வேனில் வந்து முதல் பேச்சைக் கேட்டாள். அன்று முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். பிறகு கோயில் பெண்கள் கொசு கடிக்கிறது என்று நின்றுவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாருமே இல்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளுக்காகத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். பாதியில் எழுந்துபோக அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவள் தவறவில்லை. கூலாயிலிருந்து கிளம்பி, ஸ்கூடாயில் பஸ் மாறி வருவாள். வரும்போதே ஒரு கேள்வியை யோசித்து வைத்துக்கொள்வாள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அவர் முடிக்கும்போது மண்டபம் சும்மா கிடக்கக் கூடாது.

வீட்டில் அவள் ஒருத்திதான். வாரம் முழுக்க டிவி மட்டும்தான் பேசும். அதனால் ஒரு கேள்வியைத் தேடிப் பிடிப்பது அவளுக்குச் சிரமமாகவே இல்லை.

முன்பெல்லாம் வாசலில் குழுவின் பதாகை தொங்கும், மேசையில் மைலோவும் பிஸ்கட்டும் இருக்கும். சில மாதங்களாக எதுவும் இல்லை. சிறீகாந்தனே சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார், விசிறியைப் போட்டார். குழுவில் இருப்பவர்கள்கூட இவரை விட்டுவிட்டார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இன்று அவள் அந்த மீன் தூங்குமா என்று கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்.

அவள் சொல்ல வந்தது வேறு. யோங் பெங்கில் இருக்கும் மகள் வாசுகிக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரேயடியாக வந்துவிடும்படி கூப்பிட்டிருந்தாள். முட்டிவலி என்று சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டாள் புஷ்பவள்ளி. புதன்கிழமை மகள் போனில் அழுதுவிட்டாள். நாளைக் காலை மருமகன் காரோடு வருகிறார்.

“அடுத்த வாரம் கொக்கப் பத்திப் பேசலாம்மா,” என்றார் சிறீகாந்தன். சரி சார் என்று மட்டும்தான் அவளுக்கு வாயில் வந்தது.

வெளியே வந்தவள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. குழுவின் செயலாளர் சுகந்தினி, கன்று நட்டுவிட்டு வந்து, பின்புறக் குழாயடியில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி அவளிடம் போய், மகள் வீட்டுக்குப் போவதைச் சொன்னாள். இனி வர முடியாது என்றும் சொன்னாள்.

“அதான்மா, அடுத்த வாரத்துலேருந்து யாராச்சும் ஒரு ஆள உள்ள உக்கார வைங்க. சும்மா தலையாட்டுனா போதும். வெறும் நாற்காலியப் பாத்து அவரு எப்படிப் பேசுவாரு? அந்த மனுசனுக்குப் போக வேற எடமில்ல.”

சுகந்தினி குழாயை மூடினாள்.

“ஆன்ட்டி, பேச்சு நிகழ்ச்சிய நாங்க தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. கூட்டம் வரலன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்.”

புஷ்பவள்ளிக்குப் புரியவில்லை. தீபாவளி முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமைகூட அந்தக் கதவு பூட்டியிருந்து அவள் பார்த்ததில்லை.

“அப்புறம் சார் ஏம்மா வர்றாரு?”

நிறுத்திய அன்றே அவர் மண்டபச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சுகந்தினி சொன்னாள். மெல்பர்னில் இருக்கும் அவர் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாராம். இவர்தான் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

மண்டபத்துக்குள் விசிறி நிற்கும் சத்தம் கேட்டது. சுகந்தினி குரலைத் தாழ்த்தினாள்.

“ஏன் சார்னு கேட்டா, அவ்வளவு தூரத்துலேருந்து பஸ் ஏறி வர்ற அந்தம்மாகிட்ட பேச நம்மள விட்டா யாரு இருக்கான்னாரு, ஆன்ட்டி.”