பல் பதிந்த இலை

பஞ்ச காலத்தில் அணில் ஆட்டிடம் பத்து வேர்க்கடலை கடன் வாங்கியது. அந்தக் காட்டில் கடன் வாங்குகிறவர் ஓர் இலையில் பல் பதித்துக் கொடுக்க வேண்டும். கடன் தீர்ந்ததும் இலை திரும்பி வரும்; இலை இல்லாமல் யாரும் கடனைக் கேட்க முடியாது. ஏழு கடலையை அணில் கொடுத்தாகிவிட்டது.

ஒருநாள் நரி மரத்தடிக்கு வந்தது. "உன் கடனை ஆட்டிடம் நான் விலைக்கு வாங்கிவிட்டேன். வட்டியோடு நாற்பது கடலை. இல்லாவிட்டால் உன் பொந்தைக் காலி செய்."

 அணில் பொந்துக்குள் ஓடப் போனது, பாதியில் நின்றது.

"என் பல் பதிந்த இலையைக் காட்டுங்கள், அண்ணே."

"இலை எதற்கு? ஆடே என்னிடம் சொன்னது."

"இலை வந்தால் கடலை வரும். இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்."

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை நரி இழுத்து வந்தது. "அணில் கொடுத்த இலை எங்கே?"

ஆடு அசைபோட்டுக்கொண்டே யோசித்தது. "இலையா? அதையெல்லாம் அன்றைக்கே தின்றுவிட்டேனே."

பாக்கிக்கென்று எடுத்துவைத்திருந்த மூன்று கடலையையும் அணில் கிளை நுனியில் உட்கார்ந்து நிதானமாக உடைத்துத் தின்றது. தோல் நரியின் தலையில் விழுந்தது.