குப்பைக்கூடைக்கு ஒரு செங்கல்

சமையலறைக் குப்பைக்கூடையின் மூடிமேல் செங்கல் வைத்துப் பார்த்தாள். நாய் அதையும் உருட்டிவிட்டுக் கிளறியது. இன்று அது சுருண்டு விழவே, அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

"பிழைச்சுக்குமா டாக்டர்?"

"பிழைச்சுக்கும். வாந்தியில மூணு வாழைப்பழத் துண்டு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மாத்திரை. யாரோடது?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பாவோட ப்ரெஷர் மாத்திரை. சின்னக் குழந்தையாட்டம் அடம்பிடிப்பார். பழத்துல ஒளிச்சு வெச்சுத்தான் கொடுப்பேன். முழுங்கிட்டேன்னுதானே சொல்வார்!"

"நாய் எவ்வளவு நாளா கூடையைக் கிளறுது?"

"ஒரு மாசமா..."

சொல்லும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள்.

அப்பாதான் எடுத்தார். "நாய் எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க எப்படிப்பா இருக்கீங்க?"